முகத்தைத் திருப்பிக்கொண்ட பறவை

நான் வரையும் பறவைகளுக்குக் கண் இருக்காது. பூச்சாடியின் தோளில் ஒரு கிளை, கிளையில் ஒரு பறவை. அது தலையை அந்தப் பக்கம் திருப்பி அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டிருக்கும். எங்கள் சாடிகளை விற்கிற பெரிய கடையில் அந்தச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். 'பிரிந்துபோன துணையை எண்ணி, உலகத்தைப் பார்க்க மறுக்கும் பறவை' என்று அழகான எழுத்தில் அச்சடித்திருந்தது. படித்தபோது எனக்கே அந்தப் பறவைமேல் இரக்கம் வந்தது. அதற்கு இவ்வளவு துயரம் இருப்பது வரைந்தவளுக்கே தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது.

உண்மை என்னவென்றால், எனக்குக் கண் வரைய வராது.

எனக்கு வராதவற்றை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். பேச வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். கஷ்டப்பட்ட குடும்பம் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எங்கள் வீட்டில் படிக்கவைக்க வசதி இருந்தது. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நான் எழுந்து நிற்பேன். புத்தகம் கையில் படபடவென்று அடித்துக்கொள்ளும். வாய் திறக்காது. வாசிக்கும் முறை வருகிற நாட்களில் எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. "இவளுக்குக் காய்ச்சல் டைம்டேபிள் பாத்துத்தான் வருது" என்றார் அப்பா. அப்புறம் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. நான் அங்கே இருந்தபோதும் யாரும் கவனித்ததில்லை என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கல்யாணமும் எனக்கேற்ற மாதிரியே அமைந்தது. அவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். நாளெல்லாம் தரையைப் பார்த்துக் குனிந்தே வேலை செய்கிற மனுஷர். எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது குக்கர்தான்.

எனக்குச் சேரவேண்டிய வாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள் என் அக்கா. பீங்கான் பட்டறையில் சாடிகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலாளியம்மா முன்னால் நிறுத்தினாள்.

"என் தங்கச்சிங்க. பேச மாட்டா. ஏதாவது பேசணும்னா எங்கிட்டச் சொல்லிடுங்க, நான் ரெண்டு பக்கமும் பேசிக்கிறேன்."

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏற்கெனவே நீ மூணு பேருக்குப் பேசுற. பரவாயில்ல, இந்தப் பொண்ணு இருந்தா சராசரி சரியாயிடும்" என்றார்.

அந்தப் பட்டறை முன்பு கார் நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. இரும்பு ஷட்டர் தூக்கினால் முதலில் சக்கரம், அதற்குப் பின்னால் இன்னும் சுடாத பச்சைச் சாடிகள் காய்கிற பலகைகள், கடைசி அறையில் சூளை. சூளை என்றதும் நான் புகையும் விறகும் எதிர்பார்த்துப் போனேன். அது பார்க்க எங்கள் வீட்டு இரும்பு பீரோ மாதிரி இருந்தது. ஜன்னலோரமாக வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்துதான் சாடிகளில் படம் வரைவார்கள். எல்லார் மேலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். காலையில் கறுத்த தலையோடு வருகிறவர்கள் சாயங்காலம் நரைத்துப் போய்த் திரும்புவார்கள்.

எனக்குக் கொடுத்தது அடி துடைக்கிற வேலை. ஒருமுறை சுட்டெடுத்த சாடியைப் பால் போல இருக்கும் கிளேஸில் முக்கி எடுப்பார்கள். இரண்டாவது சூட்டில் அது உருகிக் கண்ணாடி மாதிரி மினுக்கும். சாடியின் அடியில் கிளேஸ் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் போச்சு, சாடியும் சூளைத் தட்டும் ஒன்றாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கவிழ்த்து ஈர ஸ்பாஞ்சால் அடியைத் துடைக்க வேண்டும். சில வருஷம் அதைத்தான் செய்தேன். ஊரெல்லாம் வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்கிற சாடிகள் எனக்கு மட்டும் தலைகீழாகத்தான் பழக்கம்.

சக்கரத்தில் சாடி வனைகிறவரைச் சக்கரக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் எனக்கு வைத்த பெயர் 'சத்தம்'. "சத்தம், கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, காது அடைக்குது" என்பார். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பட்டறையே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். அதையும் ஸ்பாஞ்சைப் பார்த்துத்தான் சிரிப்பேன்.

உடைந்த ஓடுகளில் நான் பூவும் இலையும் கிறுக்கிப் பார்ப்பதை முதலாளியம்மா எப்போது கவனித்தார் என்று தெரியாது. மேசையில் வரைந்துகொண்டிருந்த பெண் வேறு ஊருக்குக் குடிபோனதும், என் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஓடுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"இலை நல்லா வருது. பறவை வருமா?"

அக்கா பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "யானையே வருங்க!" என்றாள்.

அப்படித்தான் ஜன்னலோர மேசை எனக்கு வந்தது. அங்கே உட்கார்ந்தால் எதிரே ஜன்னல், முதுகுக்குப் பின்னால் ஆட்கள். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதைவிடப் பெரிய வசதி, வரைந்து முடித்ததும் சாடியைக் கிளேஸில் முக்கிவிடுவார்கள். வரைந்தது அத்தனையும் வெள்ளைக்குள் மறைந்துபோகும். அன்றைக்கு யாரும் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. செய்த வேலை உடனே காணாமல் போகிற தொழில் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை விடக்கூடாது என்று தோன்றியது அந்த மேசையைத்தான்.

என் முதல் சூளையைத் திறந்த காலையை எங்கள் பட்டறை இன்னும் மறக்கவில்லை. தட்டுத் தட்டாகச் சாடிகள். அத்தனை சாடியிலும் பறவை. அத்தனை பறவையும் அழுதுகொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீலமாக ஒரு கோடு வழிந்து, கன்னத்தைக் கடந்து, மார்பில் இறங்கி, கிளைவரை வந்து நின்றது. கண் என்பது ஒரே ஒரு புள்ளிதான். ஒரு தொடு தொட்டு எடுத்துவிட வேண்டும். நான் பயத்தில் சரியாக விழுந்ததா விழுந்ததா என்று அதே புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொட்டிருந்தேன். சாயம் கூடிப்போனால் உருகுகிற கிளேஸோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். எல்லாருக்கும் எப்போதாவது ஒன்று அப்படி ஆகும். எனக்கு ஒரு சூளை முழுக்கத் துக்க வீடு.

சக்கரக்காரர் ஒரு சாடியைத் தூக்கிப் பார்த்தார். "நான் இவ்வளவு மோசமாவா வனையுறேன்? ஏறி உக்காந்ததும் அழுதிருக்கு."

"வெங்காயம் உரிக்கிற இடத்துல வெச்சா யாருக்கும் வித்தியாசம் தெரியாதுங்க" என்று அக்கா எனக்காக வாதாடினாள். இப்படி வாதாட ஒருத்தி இருந்தால் தூக்குத் தண்டனை உறுதி.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "பாக்க அழகா இருக்குங்கிறதுக்காகத்தான் ஒருத்தர் இதை வாங்குறாங்க. தண்ணி பிடிக்கவா, ஊறுகாய் போடவா? வீட்டுக்கு வர்றவங்க 'ஏன் அழுவுது'ன்னு கேட்டா அவங்க என்ன சொல்வாங்க?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த சூளையும் அழுதுச்சுன்னா நீ பழையபடி ஸ்பாஞ்சுக்கே போயிடும்மா. கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் ஆறிவிடும் என்று நம்பலாம். அவர் நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து ஓட்டுத் துண்டுகளில் கண்ணாக வைத்துப் பார்த்தேன். ஒன்று வழிந்தது, இன்னொன்று கிளேஸுக்குள் கரைந்து காணாமலே போனது, வேறொன்று பயந்து விழித்தது. யாராவது உற்றுப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். தலையைத் திருப்பிக்கொள்வேன். பறவையும் அதையே செய்துவிட்டுப் போகட்டும் என்று தலையை அந்தப் பக்கம் திருப்பி, அலகைச் சிறகுக்குள் தள்ளிவிட்டேன். கண்ணும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

சூளையிலிருந்து வந்த சாடியை முதலாளியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன இது, தூங்குதா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"யோசிக்குதுங்க" என்றாள் அக்கா.

முதலாளியம்மா சாடியை மேசைமேல் வைத்தார். "தூங்குற பறவை விக்காது. யோசிக்கிற பறவை விக்கும்" என்றார்.

விற்றது. பெரிய கடையில் வைத்த சாடிகள் வைத்த வேகத்தில் போயின. துணையைப் பிரிந்த கதை முதலாளியம்மாவும் அக்காவும் சேர்ந்து கட்டியது. நான் வரைய வரைய அவர்கள் அழகாகச் சோகப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தில் ஏதாவது ஆழமான சோகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தூக்கக் கலக்கம்தான் தெரிந்தது.

அப்போதுதான் கடை மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். இந்தப் பறவையை வரைகிற ஆர்ட்டிஸ்ட் ஒரு சனிக்கிழமை கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும்.

"ஆர்ட்டிஸ்டா? அது யாரு நம்ம இடத்துல?" என்று சக்கரக்காரர் உண்மையாகவே கேட்டார். முதலாளியம்மா என்னைக் காட்டியதும், "சத்தமா? கடைக்காரங்க தாங்குவாங்களா?" என்றார்.

என் முகத்தைப் பார்த்ததும் முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வர மாட்டேன்னு சொல்லாத. வரைஞ்ச ஆள் வந்தாத்தான் அடுத்த ஆர்டர்னு சொல்லிட்டார். ஓவியம் படிச்ச பொண்ணு ஒண்ணு வேலை கேட்டுட்டு இருக்கு, தைரியமாப் பேசும். நீ வரலைன்னா அதைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா கடையில யாரு உக்காந்து வரையிறாங்களோ அவங்கதான் இங்கேயும் வரையணும். ஊரை ஏமாத்த முடியாது."

அட்டையில் இருந்த பிரிந்த துணை மட்டும் ஏமாற்றில்லையா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். சாப்பிட்டார். கை கழுவினார். விளக்கை அணைக்கப் போகும்போது சொன்னார்: "முதுகைக் காட்டி உக்காரு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்குச் சொன்ன ஒரே யோசனை அது. ரொம்ப நல்ல யோசனையாக எனக்குப் பட்டது.

சனிக்கிழமை கடையில் மேசை போட்டிருந்தார்கள். நான் போனதும் நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நிம்மதியாகப் பிரஷை எடுத்து நிமிர்ந்தால், எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கடையில் இருக்கிற சாமான் இரண்டு மடங்காகத் தெரியட்டும் என்று பதித்திருக்கிறார்கள். பின்னால் நின்ற அத்தனை பேரும் முழு முகமாக என்னைப் பார்த்தார்கள். நடுவில் என் முகம், முதல் சூளையில் வெந்த பறவை மாதிரி. திரும்பவும் நாற்காலியை மாற்றினால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். "வரையும்போது பேச மாட்டாங்க. தவம் மாதிரி. சாப்பாடுகூட வேண்டாம்பாங்க." எனக்குப் பசித்தது. காலையில் பயத்தில் சாப்பிடாமல் வந்திருந்தேன். அவள் அப்படிச் சொன்ன பிறகு எப்படிக் கேட்பது?

ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். கையில் மடக்கிய குடையும் மருந்துப் பையும். சாடியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பறவையின் முகத்தைத் தேடினார்.

"இது ஏன் இப்படித் திரும்பியிருக்கு?"

மேனேஜர் அட்டையை எடுத்து வாசித்துக் காட்டினார். நல்ல குரல்.

"சரி தம்பி. எங்க வீட்டுல இருந்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா முதுகைக் காட்டிட்டுப் போயிட்டாங்க. இப்போ நான் மட்டும்தான். கடைக்கு வந்து இன்னொரு முதுகை வாங்கிட்டுப் போகணுமா? என்னைப் பாக்குற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்க."

"கண்ணு வைக்கிறது எங்க பாணி இல்லைங்கம்மா" என்றாள் அக்கா. "கண்ணு வெச்சா அந்த ஏக்கம் போயிடும்."

"ஏக்கம் என்கிட்டயே நிறைய இருக்கு. எனக்குக் கண்ணுதான் வேணும்."

அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்திருந்தால் நான் குனிந்திருப்பேன். கண்ணாடியில் இருக்கிற ஆள் நிஜ ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ, என் வாய் திறந்துவிட்டது.

"எனக்குக் கண்ணு வரைய வராதுங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. சத்தம் என்று பெயர் வைத்தவர் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. "வெச்சா வழிஞ்சுடும். அழுவுற மாதிரி ஆயிடும். அதனாலதான் திருப்பிட்டேன். பிரிஞ்சதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

கண்ணாடியில் மூன்று முகங்கள் தெரிந்தன. மேனேஜர் அட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அதைத் துடைத்தால் யாருக்காவது வேலை போகும்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அவ்வளவுதானா! நான்கூட என்னமோன்னு நினைச்சேன். எனக்கும் தோசை வட்டமா வராது, நான் என்ன சுடாமலா இருக்கேன்? வராத மாதிரியே வரைஞ்சு குடும்மா."

வரைந்தேன். பறவையின் தலையை இந்தப் பக்கம் திருப்பினேன். கண்ணுக்கு வந்ததும் கை நடுங்கியது. ஒருமுறை சுட்ட மண் தாகம் பிடித்தது. பிரஷ் பட்டதும் உறிஞ்சிவிடும், அழிக்க முடியாது. இரண்டாவது தடவை தொடக் கை போனது. கண்ணாடியில் அத்தனை கண்களும் என் கையையே பார்த்தன. வெட்கத்தில் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். ஆக, ஒரே தொடு.

திங்கட்கிழமை நானாகவே வாளியையும் ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தேன். சொல்லி அனுப்புவதற்குமுன் போய்விட்டால் பேச்சு மிச்சம்.

"அங்கே என்ன பண்றே?" என்றார் முதலாளியம்மா.

"அடி..."

"நான் இன்னும் முடிவு பண்ணல. என் அட்டையை நாலு பேர் முன்னாடி கிழிச்சுட்ட. அந்தம்மா சாடி சூளையிலேர்ந்து வரட்டும். அவங்க எடுத்துட்டுப் போனா மேசை. வேண்டாம்னுட்டா வாளி."

சூளையைத் திறக்கும் அன்று அந்த அம்மாள் குடையோடு முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டார். சாடி வெளியே வந்தது. அழவில்லை. ஆனால் நேராகவும் பார்க்கவில்லை. புள்ளி கொஞ்சமாக நழுவி, கண்ணின் ஓரத்துக்குப் போய் நின்றிருந்தது. பறவை ஓரக்கண்ணால் ஆளை எடைபோட்டுக்கொண்டிருந்தது.

"சத்தம், அது உன்னைத்தான் பாக்குது. ஸ்பாஞ்சு எங்கேன்னு கேக்குது" என்றார் சக்கரக்காரர்.

நான் வாளியைப் பார்த்தேன். அந்த அம்மாள் சாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு, "அட, என் நாத்தனார்!" என்றார். "போய்ச் சேந்து எவ்வளவு காலமாச்சு. நான் அடுப்படியில நின்னா வாசல்லேர்ந்து இதே பார்வைதான். உப்பு எவ்வளவு போடுறேன்னு பாப்பா. ஒருநாள் வாயைத் திறந்து கேக்கமாட்டா. பார்வை மட்டும் இப்படியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சுத்திக் குடு. அடுப்புக்கு எதிர்லதான் வைக்கப்போறேன். இனிமே உப்பைப் பாத்துத்தான் போடணும்."

அக்கா மூன்று சுற்றுக் காகிதம் சுற்றினாள். முதலாளியம்மா என் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். தீர்ப்பு அவ்வளவுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பெருமை மிஞ்சியிருக்கும். மேனேஜருக்கு விஷயம் போய், ஓரக்கண் பறவை ஒரு பெட்டி வேண்டும் என்றார். முதலாளியம்மா புது அட்டையும் அடித்துவிட்டார்: 'கண் வரைய வராதவர் வரைந்த பறவை.' நான் உட்கார்ந்து அதே மாதிரி ஒரே தொடு தொட்டேன். சூளையைத் திறந்தால் அத்தனை பறவையும் நேராகப் பார்க்கிறது. வட்டமான, ஒழுங்கான, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்கிற கண். கடை முன்னால் உட்கார்ந்த அன்றைக்குப் பிறகு கை நடுங்குவது நின்றுபோயிருந்தது.

முதலாளியம்மா தலையில் கைவைத்தார். "உனக்கு வரைய வந்துடுச்சு. இப்போ நான் என்னம்மா பண்றது?"

வேண்டும் என்றபோது வராதது, வேண்டாம் என்றபோது வந்திருக்கிறது. இதிலும் நான் டைம்டேபிள் தவறவில்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பழையபடி முகம் திருப்பிய பறவைகளையே இப்போது வரைகிறேன். இடையிடையே கண்ணும் வைத்துப் பார்க்கிறேன். எப்போதாவது ஒன்று நழுவி ஓரக்கண் விழுந்தால், அக்கா பட்டறையைக் கூட்டி அறிவிக்கிறாள். நேராகப் பார்க்கிறவை குறையுள்ள சரக்கு வைக்கிற செகண்ட்ஸ் அலமாரியில் தேங்கிக் கிடக்கின்றன. அங்கே போனால் எல்லாம் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கும். வகுப்பில் எழுந்து நின்ற மாதிரி இருக்கும்.

அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரியில் வைத்தேன். வீட்டுக்காரர் சாப்பிடும்போது இரண்டு தடவை நிமிர்ந்து அதைப் பார்த்தார். காலையில் எழுந்து பார்த்தேன். பறவை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.